கணக்கில் வராத காற்று

தில்லியை ஒட்டிய நொய்டாவிலிருந்து கிரேட்டர் நொய்டா செல்லும் விரைவுச் சாலை. மே மாதத்து மதியம். முன்னால் போகிற லாரியைத் தாண்டலாம் என்று ஆக்சிலேட்டரை அழுத்துகிறீர்கள். டர்போ வண்டி; முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. வண்டி தயங்குகிறது, ஓரிரு முறை வெட்டி இழுக்கிறது, அப்புறம் சட்டென்று பாய்கிறது. தாண்டத் தொடங்கிவிட்டு நடுவழியில் தவிக்கிற அந்த நொடி வெறும் எரிச்சல் அல்ல. எதிர்பார்த்த வேகம் எதிர்பார்த்த நேரத்தில் வராவிட்டால் சாலையில் உயிர் போகும்.

பட்டறைக்குப் போனால் பதில்கள் தயாராக இருக்கும். பிளக்கை மாற்றலாம், பெட்ரோல் சரியில்லை, டர்போவே போய்விட்டது. எல்லாமே நடக்கக்கூடியவைதான். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் சொல்லும்போது அவை ஊகங்கள். ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு பில் வருகிறது. கடைசி ஊகத்தின் பில் மிகப் பெரிது. இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் உள்ள இயற்பியலைப் புரிந்துகொண்டால், பெரும்பாலான நேரங்களில் என்ஜின் கணினியைப் படிக்கும் ஒரு ஸ்கேனரும் அரை நாள் பொறுமையும் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். பெட்ரோல் என்ஜினின் உண்மையான தீனி காற்றுதான். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம்; அதற்கு ஏறக்குறைய 11 கிலோ காற்று தேவை. தில்லியின் மே மாத வெயிலில் அந்த 11 கிலோ காற்று அடைத்துக்கொள்ளும் இடம் சுமார் 10,000 லிட்டர். டேங்கில் ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் பத்தாயிரம் லிட்டர் காற்று பானட்டுக்கு அடியில் போய் வருகிறது. பம்பில் பெட்ரோலை மில்லி லிட்டர் வரை பார்த்து வாங்குகிறோம். காற்றை யாரும் அளந்து ஊற்றுவதில்லை. அதை அளக்கும் வேலை என்ஜினின் கணினியுடையது. உள்ளே வந்த காற்று எவ்வளவு என்று சென்சார்களை வைத்து மதிப்பிட்டு, அதற்குத் தக்க பெட்ரோலைத் தெளிக்கிறது, தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்கிறது. கணினி போட்ட கணக்கும் சிலிண்டருக்குள் உண்மையில் இருக்கும் காற்றும் ஒத்துப்போனால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் இடையில் பிளவு விழுந்தால் திணறும். தயக்கம் எல்லாமே காற்றுக் கணக்கால் வருவதில்லை. ஆனால் தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

டர்போ இந்தக் கணக்கை இன்னும் கடினமாக்குகிறது. சாதாரண என்ஜின் வெளிக்காற்றைத் தன் போக்கில் உறிஞ்சிக்கொள்ளும். டர்போவில், புகைக்குழாயில் வீணாகப் போகும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம், அதாவது கம்ப்ரஸர், வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கிறது. சின்னஞ்சிறு டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள்கூடச் சுழலும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி இந்த யோசனைக்கு 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கார்களில் அது பழக்கத்துக்கு வர மேலும் எழுபது ஆண்டுகள் பிடித்தன. 1970-களின் இறுதியில் ஸாப் நிறுவனம், டர்போவின் வேகம் எல்லை மீறாமல் வாயுவை வேறு வழியாகத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வை நன்றாகப் பயன்படுத்தி, குடும்பத்தோடு போகிற காரிலும் டர்போவை நம்பகமாக்கிக் காட்டியது.

இந்தியச் சாலைகளுக்குச் சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின்கள் வந்து குவிந்ததில் வரிச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள் இருக்க வேண்டும். வரி மாறி ஜிஎஸ்டி வந்த பிறகும் இந்த எல்லைக்கோடு அழியவில்லை; 2025 செப்டம்பர் 22 முதல் இதே வகைக்கு 18 சதவீதம். என்ஜினைப் பெரிதாக்க முடியாது, வேகமும் வேண்டும் என்றால் காற்றை அமுக்கித் திணிப்பதுதான் வழி. 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ 1,200 சிசிக்குள் 105 குதிரைத்திறன் தந்தது. டர்போ இல்லாத 1.2 லிட்டர் போலோ தந்தது 75தான். 2021-இல் வந்த, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஐ20 என் லைன், ஒரு லிட்டருக்கும் குறைந்த என்ஜினில் 120 தருகிறது. தில்லி இளைஞர்களின் ஸ்போர்ட்ஸ் கார் கனவு பெரும்பாலும் இந்த அளவில்தான் நிறைவேறுகிறது. ஆகவே டர்போவின் தயக்கம் கோடீஸ்வரர்களின் பிரச்சினை மட்டும் அல்ல.

தயக்கம் என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வேறு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. இவற்றைப் பிரிக்காமல் ஸ்பேனரைத் தொடவே கூடாது.

முதலாவது, நோயே அல்ல. மூன்றாவது கியரில் 1,200 சுற்றில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஆக்சிலேட்டரை மிதித்தால், டர்போவைச் சுழற்றப் போதுமான புகை அங்கே இல்லை. புகை பெருகி, சக்கரம் வேகம் பிடித்து, அழுத்தம் ஏறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். 1970-களின் போர்ஷே 911 டர்போ இந்தக் காத்திருப்புக்கும், அதன் முடிவில் வரும் முரட்டுப் பாய்ச்சலுக்கும் பேர் போனது. ரிங் ரோடு நெரிசலில் தினமும் ஓட்டுகிறவர் கீழ்க் கியருக்கு மாறினால் இது மறைந்துவிடும். மறைந்தால், பட்டறைக்குப் போகத் தேவையில்லை.

இரண்டாவது, மந்தம். வெட்டல் இல்லை, உதறல் இல்லை. ஆனால் இழுவை குறைந்திருக்கிறது. மூன்றாவது, வெட்டு. சுமை ஏறும்போது என்ஜின் விட்டுவிட்டு அடிக்கிறது. மந்தத்தின் வேர் பெரும்பாலும் காற்றிலோ வெப்பத்திலோ இருக்கும். வெட்டின் வேர் பெரும்பாலும் தீப்பொறியில் இருக்கும், சில சமயம் பெட்ரோலில்.

தில்லியின் காற்று மந்தத்தை உண்டாக்குவதற்கென்றே அமைந்தது போன்றது. மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடுகிறது, ஜனவரி விடியற்காலையில் 5-க்குக் கீழே இறங்குகிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே, ஒரே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் மாறுகிறது. அது தொடக்கம் மட்டும்தான். காற்றை அமுக்கினால் சூடாகும்; சைக்கிள் பம்பைப் பிடித்தவர்களுக்கு இது தெரியும். கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்காக அமுக்கும்போது 5 டிகிரி காற்று சுமார் 92 டிகிரி ஆகிறது. 45 டிகிரி காற்று ஏறக்குறைய 145 டிகிரியை எட்டுகிறது. இந்தச் சூட்டைத் தணிக்கத்தான் டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவே இன்டர்கூலர் இருக்கிறது. ஆனால் எந்த இன்டர்கூலரும் தன்மேல் வீசும் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. ஆஷ்ரம் சந்திப்பில் ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றால், ஏசியின் கண்டென்சரும் ரேடியேட்டரும் கக்கும் வெப்பத்தில் இன்டர்கூலரே ஊறிப்போகிறது. சிக்னல் விழுந்ததும் மிதித்தால் முதல் சில நொடிகள் வண்டி சோர்ந்து போகும். ஓட்டக் காற்று பட்டதும் தேறும். இதுவும் பழுதல்ல. வெயிலில் ஓடும் எல்லா டர்போவுக்கும் உள்ள வரம்பு இது.

சூடான காற்றுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. தீப்பொறி தொடங்கிவைத்த எரிதல் ஒழுங்காகப் பரவி முடிவதற்குள், மூலையில் அமுங்கிக் கிடக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அந்த அதிர்வைக் கேட்க என்ஜினின் உடலில் ஒரு சென்சார் காதை வைத்துக்கொண்டிருக்கிறது. கேட்டவுடன் கணினி தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்துகிறது. பிஸ்டன் பிழைக்கிறது, இழுவை குறைகிறது. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் இதே சிக்கலைச் சமாளிக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் காற்றோடு சேர்த்துத் தெளித்தது. அது தீர்ந்தால் உரிமையாளர்தான் நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை, நிரப்பாவிட்டால் வண்டி டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு மந்தமாகிவிடும். இன்றைய கணினி அந்தத் தொந்தரவைத் தராமல் சத்தமின்றித் தீப்பொறியைத் தள்ளிப்போடுகிறது. அதனால்தான் பலருக்கு இப்படி நடப்பதே தெரிவதில்லை.

இனி, காற்றை எண்ணுவது எப்படி என்பது. இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்றில், காற்று வரும் குழாயில் சூடேற்றிய ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. சூடான காபியை ஊதினால் ஆறுகிறது. எவ்வளவு வேகமாக ஆறியது என்று தெரிந்தால் எவ்வளவு ஊதினோம் என்று சொல்லிவிடலாம். அதேபோல், தகட்டைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதிலிருந்து போன காற்றின் எடை கிடைக்கிறது. இன்னொரு வழியில், காற்றை நேரடியாக அளப்பதில்லை. என்ஜினின் வாயிலில் உள்ள அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, சுற்று வேகத்தோடு சேர்த்து எடையைக் கணக்கிடுகிறார்கள். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்வது மிக முக்கியம். ஏனென்றால் ஒரே ஓட்டை இந்த இரண்டு வகைகளிலும் வெவ்வேறு விதமாக முகம் காட்டும்.

டர்போவிலிருந்து என்ஜின் வரை போகும் ரப்பர் ஹோஸ்கள், பிளாஸ்டிக் குழாய்கள், கிளாம்புகள் எல்லாம் தில்லியின் வெயிலிலும் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்குகின்றன. எங்கோ ஒரு விரிசல் விழுகிறது. தகடு வைத்து எண்ணும் வண்டியில், எண்ணி முடித்த காற்று விரிசல் வழியே வெளியே போய்விடுகிறது. கணினிக்கு அது தெரியாது. போகாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் தெளிக்கிறது. கலவையில் பெட்ரோல் மிகுந்து, புகை கறுத்து, என்ஜின் மூச்சடைக்கிறது. அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டியிலோ கலவை கெடாது. வாயிலில் மிஞ்சியிருக்கும் காற்றைத்தானே அது அளக்கிறது! அங்கே கணினி கேட்ட அழுத்தம் வராமல் டர்போ மேலும் மேலும் உழைக்கும். கடைசியில் பி0299 என்ற பழுதுக் குறியீடு, அதாவது அழுத்தம் போதவில்லை என்ற முறையீடு, கணினியில் பதிவாகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. தகடு வைத்து எண்ணும் வண்டியில், காற்றின் வரவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வுக்கும் என்ஜினுக்கும் நடுவே விரிசல் இருந்தால், வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது அங்கே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஆகவே எண்ணப்படாத காற்று உள்ளே புகுந்து, கலவையில் காற்று மிகும். அதே வண்டியை அழுத்தி ஓட்டினால் அங்கே அழுத்தம் வெளியைவிட அதிகம்; எண்ணிய காற்று வெளியேறி, கலவையில் பெட்ரோல் மிகும். ஒரே ஓட்டை, நேரெதிரான இரண்டு அறிகுறிகள். விரிசல் டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருந்தால், நிற்கும்போது எந்தக் குறையும் தெரியாது; அழுத்தினால் மட்டுமே தெரியும். இதை எப்படிப் பார்ப்பது? புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்தபின் மிஞ்சிய ஆக்சிஜனைக் கவனித்துச் சொல்ல, கணினி தன் கணக்கை இத்தனை சதவீதம் கூட்டு அல்லது கழி என்று திருத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனரில் இது ஃப்யூயல் ட்ரிம் என்று தெரியும். ஐந்து சதவீதம் மேலோ கீழோ இருந்தால் கவலை இல்லை. பத்தைத் தாண்டினால் கணக்கு எங்கோ உடைந்திருக்கிறது. நிற்கும்போது கூட்டல், ஓடும்போது கழித்தல் என்று வந்தால், பானட்டைத் திறப்பதற்கு முன்பே ஓட்டை எந்தப் பகுதியில் என்று சொல்லிவிடலாம். பிறகு பட்டறையில் காற்றுக் குழாய்க்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்துகிறார்கள். அது விரிசலில் நூல் பிரிவதுபோல் கசியும். ஒரு கிளாம்பை இறுக்கி வேலை முடிந்த வண்டிகள் ஏராளம்.

இதெல்லாம் சென்சார்கள் உண்மை பேசுகின்றன என்று நம்பிச் சொல்வது. பேசாவிட்டால்? தில்லிக்கே இதில் மறக்க முடியாத பாடம் கிடைத்தது. 2024 மே 29 அன்று, நகரின் வடமேற்கே முங்கேஷ்பூரில் உள்ள தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று பதிவு செய்தது. நாடே அதிர்ந்தது. அதே நாளில் சஃப்தர்ஜங் நிலையத்தில் பதிவானது 46.8. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு குழுவை அனுப்பி, நம்பகமான தரக் கருவியை அங்கே கொண்டுபோய் வைத்து ஒப்பிட்டது. நிலையத்தின் சென்சார் ஏறக்குறைய 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று தெரிந்தது. ஓர் எண் நம்ப முடியாததாக இருந்தால், வேறொரு நம்பகமான அளவுகோலை அதன் அருகில் வைத்துப் பார். விஞ்ஞானத்தின் மிகப் பழைய, மிக நேர்மையான வழி இது.

காரில் அதைச் செய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரவு முழுக்க வண்டி நிற்கட்டும். காலையில் சாவியைத் திருப்புங்கள், என்ஜினை இயக்க வேண்டாம். இப்போது குளிர்நீரின் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், வெளியே தெர்மாமீட்டர் காட்டும் வெப்பம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பத்து டிகிரி விலகி நின்றால் அதுதான் பொய்யன். அதேபோல் ஓடாத என்ஜினின் வாயிலில் உள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தமேதான். தில்லி கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் 97 முதல் 99 கிலோபாஸ்கல் வரை காட்ட வேண்டும். 85 என்று காட்டினால் வண்டி தன்னை ஒரு மலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சூடேற்றிய தகடு இருக்கும் வண்டியில் பெரிய எதிரி, தில்லியின் மண்தூசியும், ஏர் ஃபில்டரில் அளவுக்கு மீறித் தடவிய எண்ணெயும் சேர்ந்து தகட்டின்மேல் போடும் போர்வை. போர்வை போர்த்திய தகடு சரியாக ஆறாது. காற்று குறைவு என்று சொல்லும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் கை படாமல் கழுவினால் பெரும்பாலும் தேறிவிடும்.

இனி வெட்டு. வாயுவின் அழுத்தமும் பிளக் இடைவெளியும் கூடக் கூட, தீப்பொறி தாண்ட வேண்டிய மின்னழுத்தமும் கூடும் என்று 1889-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிச் பாஷன் காட்டினார். டர்போ வண்டியில் அதன் விளைவு நேரடியானது. மெதுவாக ஓட்டும்போது சிலிண்டரில் அழுத்தம் குறைவு. நலிந்த இக்னிஷன் காயில்கூடப் பொறி தந்துவிடும். டர்போ அழுத்தம் ஏறும்போது அதே இடைவெளியைத் தாண்ட மின்னழுத்தம் போதாது. பொறி அணைகிறது, வண்டி வெட்டுகிறது. பழைய பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் இன்னும் மோசம். நகரத்துக்குள் சமர்த்தாக ஓடி, எக்ஸ்பிரஸ் வேயில் மட்டும் திணறுகிற வண்டிக்கு முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

எந்த சிலிண்டர் என்று கணினிக்கே தெரியும், அது தெரிந்துகொள்ளும் விதம் வியக்கத்தக்கது. நான்கு சிலிண்டர் என்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 முறை எரிகிறது. ஒவ்வொரு எரிதலும் கிராங்க் ஷாஃப்டை மிகச் சிறிதளவு முன்னே தள்ளுகிறது. ஷாஃப்டோடு சுழலும் பல்சக்கரத்தின் பற்கள் கடக்கும் நேரத்தை ஒரு சென்சார் அளக்கிறது. ஒரு பொறி தவறினால் அடுத்த சில பற்கள் மயிரிழை தாமதமாக வரும். அதை வைத்து, தவறியது இரண்டாவது சிலிண்டர் என்று பி0302 குறியீடு எழுதப்படுகிறது. இங்கே உடனே புதுக் காயில் வாங்க ஓட வேண்டாம். இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதை இரண்டாவதில் மாட்டுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாமல் 2-லேயே நின்றால் பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகராவிட்டால் இன்ஜெக்டரையோ வால்வையோ பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே நான்கு காயில்களையும் மாற்றுகிற பட்டறைகளை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

கஷ்மீரி கேட் சந்தை வாகன உதிரிபாகங்களின் கடல். கிடைக்காதது எதுவும் இல்லை. அசலும் போலியும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கும் இடமும் அதுதான். போலிப் பிளக்கைப் பூட்டினால் பழைய நோய் நீங்காது, புதிய நோயும் சேரும். அதன்பின் எது மூலக் காரணம் என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. தேவை என்று நிரூபணமான பிறகே பாகம் வாங்க வேண்டும், அதையும் பில்லோடு வாங்க வேண்டும்.

பெட்ரோலைப் பற்றிச் சொல்லாவிட்டால் தில்லியில் யாரும் விடமாட்டார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பரவலானதிலிருந்து, வண்டியில் எந்தக் குறை வந்தாலும் பழி அதன் தலையில் விழுகிறது. கணக்கைப் பார்ப்போம். எத்தனால் எரிய ஒன்றுக்கு 9 பங்கு காற்று போதும். ஆகவே இ20-க்கு வேண்டிய விகிதம் சுமார் 13.5, பழைய இ10-க்கு 14.1. இ10-க்குப் பழகிய வண்டி அதே காற்றுக்கு ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தெளித்தால் சரியாகிவிடும். ஃப்யூயல் ட்ரிம் இதை ஓசையின்றிச் செய்து முடிக்கும். அந்த 4 சதவீதம் வண்டியை முடக்கிப் போடுகிறது என்றால், பெட்ரோல் பம்போ ஃபில்டரோ இன்ஜெக்டரோ ஏற்கெனவே எல்லையில் தள்ளாடிக்கொண்டிருந்தது என்றுதான் அர்த்தம். மைலேஜ் குறைவது உண்மை. எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஆகாது என்ற புகாரிலும் நியாயம் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு அது நல்லதல்ல. ஆனால் டர்போவைப் பொறுத்தவரை எத்தனாலுக்கு ஒரு நற்குணமும் உண்டு. ஆவியாகும்போது அது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கிறது. தானாக வெடிப்பதையும் தடுக்கிறது.

மறுகோடியில், 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100-ஐ அறிமுகம் செய்தபோது அது தில்லிக்கு அருகே மதுரா சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தது. ஆக்டேன் என்பது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன். கூடுதல் ஆற்றல் அல்ல. கோடை மதியத்தில் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தால் உயர் ஆக்டேன் இழுவையைத் திருப்பித் தரும். ஸ்கேனரில் அந்தத் தாமதம் தெரியவில்லை என்றால், ஊற்றிய பணத்துக்குப் பயனில்லை. கெட்ட காயிலை எந்தப் பெட்ரோலும் குணப்படுத்தாது.

மீதிச் சந்தேகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் என்ஜின்களில் உள்வால்வின் முதுகை எதுவும் கழுவுவதில்லை. எண்ணெய் ஆவி படிந்து கரி பிடிக்கிறது. குளிர்ந்த காலையில் உதறினால் அதை நினையுங்கள். அக்ரூட் ஓட்டுத் தூளை வீசி அந்தக் கரியை உரித்தெடுக்கிறார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் சவ்வு கிழிந்தால் அழுத்தம் நிற்காது. வேகத்துக்காகக் கணினியின் மென்பொருளை ரீமேப் செய்தபின் தயக்கம் வந்திருந்தால், முதலில் கம்பெனி மென்பொருளுக்குத் திரும்பிப் பார்க்காமல் வேறு எதையும் தொடக்கூடாது. இரண்டு கிளட்ச் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸ் நெரிசலில் சூடாகி உதறுவதும் என்ஜின் தயக்கம் போலவே இருக்கும். கியரைக் கையால் பிடித்து நிலையாக வைத்துக்கொண்டு மிதித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

பழுதை நீக்கிய பிறகு, நீங்கிவிட்டதா என்று நிரூபிக்க வேண்டும். முன்பு பதிவு செய்த அதே கியரில், அதே சுற்றிலிருந்து, அதே அளவு மிதித்து மறுபடியும் ஸ்கேனரில் பதிவு செய்யுங்கள். ஓட்டுகிறவர் ஓட்டட்டும், எண்களை இன்னொருவர் பார்க்கட்டும். வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கும் டைனோ இருக்கும் பட்டறையில் செய்தால் சாலையையே தவிர்க்கலாம். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவா, ட்ரிம் பூஜ்யத்தை நெருங்கியதா, தவறிய பொறிகளின் எண்ணிக்கை நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் தில்லிக்காரர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 45 டிகிரி மதியத்தில் திணறிய வண்டியைப் பட்டறையில் விட்டு, மறுநாள் விடியற்காலை 30 டிகிரியில் எடுத்து ஓட்டினால், யாரும் எதையும் செய்யாமலே சிலிண்டருக்குள் போகும் காற்று 5 சதவீதம் அடர்ந்திருக்கும், இன்டர்கூலர் குளிர்ந்திருக்கும், தீப்பொறியும் முன்னேறியிருக்கும். வண்டி சரியாகிவிட்டது போலவே தோன்றும். ஆகவே சாவியை வாங்க மதியம் இரண்டு மணிக்குப் போங்கள்.